மூன்றாவது வீட்டுத் திருப்தி

ஆகஸ்ட் 2, வெள்ளி

நகராட்சி கிளார்க் சொன்னதால் இந்த டைரியைத் தொடங்குகிறேன். குடிநீர், கழிவுநீர் இணைப்பு வேலைக்கு லைசென்ஸ் கேட்கிறவர் பணி நாட்குறிப்பு ஒன்று வைத்திருக்க வேண்டுமாம். என் மனைவி வடிவு பீரோவிலிருந்து நகைக்கடை டைரி ஒன்றை எடுத்துத் தந்தாள். போன வருஷத்து டைரி. கிழமைகளை நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

பெயர் ஆவுடைநாயகம். வயது ஐம்பத்தாறு. பிளம்பர் என்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது, பைப் காண்டிராக்டர் என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக முத்தையா முதலாளியின் லைசென்ஸில் வேலை பார்த்தேன். பள்ளம் என்னுடையது, பில் அவருடையது. சித்திரையில் முதலாளி காலமானார், லைசென்ஸும் அவரோடு போயிற்று. எங்கள் வார்டில் பாதாளச் சாக்கடை வேலை முடிந்து, தீபாவளி கழிந்ததும் வீட்டு இணைப்பு ஆரம்பம். லைசென்ஸ் உள்ளவன் மட்டும்தான் ரோட்டில் கடப்பாரை வைக்கலாம். இல்லாதவன் கைகட்டி வேடிக்கை பார்க்கலாம். எனக்கு வேடிக்கை பார்த்துப் பழக்கமில்லை. மாத முடிவுக்குள் எல்லாக் காகிதமும் கொடுத்தாக வேண்டும்.

இன்றைய பணி: மழையில்லை, வேலையில்லை. மகள் பவளம் வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் குளிக்க இங்கே வந்துவிடுவாள். கட்டிக்கொடுத்த வீடு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம்தான். நம் வீட்டுத் தண்ணீர் அவள் முடிக்கு ஒத்துக்கொள்கிறது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 3, சனி

பவளம் இன்னும் கிளம்பவில்லை. ஆடி மாசம். ஆடிக்குப் பெண் பிறந்த வீட்டில் இருப்பது வழக்கம்.

"அது கல்யாணமான மொத வருஷத்துக்கு. இவளுக்கு ரெண்டு வருஷம் தாண்டியாச்சு" என்றாள் வடிவு.

வழக்கம் என்றால் வழக்கம்தான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

என்னென்ன வேண்டும் என்று கிளார்க் ஒரு தாளை நீட்டினார். அனுபவச் சான்று, போலீஸ் நன்னடத்தைச் சான்று, சொந்தக் கருவிகளின் போட்டோ, வாய்மொழித் தேர்வு, இஞ்சினியரின் நேரடி ஆய்வு. கருவிகளைப் போட்டோ எடுக்கும்போது வடிவு பக்கத்தில் வந்து நின்று, "அந்தப் பெரிய ரெஞ்சு எதிர்த்த வீட்டுக்காரவுகளது. நாலு மாசமா கேட்டுக்கிட்டு இருக்காவ" என்றாள். அதையும் சேர்த்தே எடுத்தேன்.

தாளின் கடைசியில் ஒரு வரி: விண்ணப்பதாரர் தம் பெயரில் செய்த மூன்று வீட்டு இணைப்புகளுக்கு உரிமையாளர்களின் திருப்திச் சான்று. ஊரில் பாதி வீட்டுக்குப் பைப் போட்டவன் நான். ஆனால் காகிதத்தில் என் பெயரில் இருப்பது மூன்றே வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நகராட்சியில் தற்காலிக அனுமதி வாங்கிச் செய்தவை. ஒன்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் செந்தூரான் ஐயா வீடு. இன்னொன்று பூரணத்தம்மாள் மெஸ். மூன்றாவது சம்பந்தி திரவியம் வீடு.

மூன்றாவதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. எல்லாரும் மகளுக்குக் கட்டில், பீரோ என்று சீர் கொடுப்பார்கள். நான் பாத்ரூம் கொடுத்தேன். டைல்ஸ், குழாய், ரோடு வரைக்கும் நாலு இஞ்சு பைப், வாசலில் கழிவுநீர் கூடுகிற சேம்பர் தொட்டி எல்லாமே என் செலவு. வண்டியில் ஏற்றி ஊர் பார்க்கக் கொண்டுபோக முடியாத சீர் என்று வடிவுக்கு மட்டும் அன்று ஒரு குறை.

சம்பந்தி கையெழுத்து எங்கே போய்விடப்போகிறது? மற்ற இரண்டையும் முதலில் வாங்கிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பவளம் தலைக்குக் குளித்தாள். இங்கேதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

செந்தூரான் ஐயா காப்பி கொடுத்தார், பாராட்டினார், கையெழுத்து மட்டும் போட மறுத்துவிட்டார்.

"ஆவுடைநாயகம், உன் வேலையில் எனக்கு எள்ளளவும் குறை கிடையாது. ஆனால் திருப்தி என்பது தமிழ்ச் சொல் இல்லையப்பா. அதை என் கையால் எழுத மாட்டேன்."

பிறகு தன் கையாலேயே நீளமாக ஒரு சான்று எழுதித் தந்தார். கழிவுநீர்க் குழாய்ப் பணி தமக்கு முழு மனநிறைவு அளித்ததாக அதில் இருந்தது. அருமையான கையெழுத்து. கிளார்க் அதை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"திருப்தி எங்கவே இருக்கு?"

"மனநிறைவுன்னா திருப்திதான் சார்."

"அது ஒமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆடிட்டுக்குத் தெரியுமா?"

மறுபடி ஐயா வீடு. வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் வெகுநேரம் யோசித்து அடியில் ஒரு வரி சேர்த்தார்: "மேற்கண்ட மனநிறைவைத் திருப்தி எனப் பிழைபட வழங்குவாரும் உளர்." கிளார்க் அந்த ஒரு சொல்லைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

"பிள்ள முகம் வாட்டமா இருக்கு, பாத்தியளா?" என்றாள் வடிவு.

எங்கள் தொழிலில் வாட்டம் என்றால் தண்ணீர் தானாக ஓடுவதற்குக் குழாய்க்குக் கொடுக்கிற சரிவு. வாட்டம் இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்றேன். வடிவு சிரிக்கவில்லை.

சாயங்காலம் பவளம் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டாள். முடியைக் கழுத்தோடு வெட்டிவிடலாம் என்று பார்க்கிறாளாம். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது. வடிவு கத்தரிக்கோலைத் தூக்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள். இரண்டு பேரும் அடுப்படியில் என்னவோ பேசினார்கள். நான் போனதும் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பூரணத்தம்மாள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். குறையே சொல்லாத ஆளிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. சந்தேகம் வந்து, மெஸ்ஸில் எல்லாக் குழாயையும் நானே திறந்து மூடிப் பார்த்தேன். கை கழுவுகிற இடத்தில் ஒன்று சொட்டியது. அதைச் சரிசெய்துவிட்டு வந்த பிறகுதான் மனசு ஆறியது.

பணி நாட்குறிப்பைக் கிளார்க்கிடம் காட்டினேன். "இது பெரிய காண்டிராக்டுக்குல்லா. ஒம்ம யாரு எழுதச் சொன்னா?" என்றார். அவர்தான் சொன்னார். இருந்தாலும் இத்தனை பக்கம் எழுதியாயிற்று, நிறுத்த மனமில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சம்பந்தி வீட்டுக்குப் போனேன். வாழைப்பழச் சீப்பு வாங்கிக்கொண்டுதான் போனேன். சம்பந்தி திரவியத்துக்கு இட்லி மாவு வியாபாரம். கறுப்புத் தோலோடு இருக்கிற தொலி உளுந்தை ஊறப்போட்டுக் கழுவி ஆட்டுகிற மாவு என்று ஊரெல்லாம் பெயர். பின்கட்டில் இரண்டு கிரைண்டர் ஓடும். கழுவுகிற தண்ணீரெல்லாம் தென்னைக்குப் போகிறது என்பார்.

"லெட்டருக்கென்ன சம்மந்தி, தாராளமா தாரேன்" என்றார். "ஆனா பைப்பு இந்த வருஷத்துல நாலு மட்டம் அடைச்சுட்டு. ஆய்வுக்கு வார இஞ்சினியர் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

நான் போட்ட பைப் அடைக்காது என்றேன்.

"பைப்பைச் சொல்லுவாங்களா அண்ணாச்சி?" என்றார் சம்பந்தி அம்மா. "பவளத்துக்கு முடி ஜாஸ்தில்லா. கறுப்பா, கத்தை கத்தையா வந்துச்சு. அதான் தலைக்கு ஊத்துறத அங்கன வச்சுக்கோன்னு சொன்னேன். போன மாசம் சேம்பர் பொங்கி ரோட்டுக்கே வந்துட்டு. மருமவ முடி ரோட்டுல கெடக்குன்னு ஒரு வார்த்தை சத்தமாச் சொல்லிட்டேன். அதுக்குத்தான் அவளுக்குக் கோவம்."

மாப்பிள்ளை சுதாகர் அங்கேயே உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் நட்டமில்லாம முடிப்போம். உங்க வேலை சுத்தமான வேலைன்னு நான் எழுதித் தாரேன். அடைப்புக்குக் காரணம் முடிதான்னு ஆய்வன்னைக்கு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. பிள்ளையும் ஆவணி பொறந்ததும் வந்துரட்டும்."

நான் சரி என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது வேறு, சொல்வது வேறு. சம்பந்தி வீடு என்பதால் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏன் பஸ் ஏறி வந்தாள் என்று எனக்கு இத்தனை மாசமாகத் தெரியவில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்கிறதாம். நான் ஒரு மடையன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. பவளம் எங்கும் போகவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. அனுபவச் சான்றை நகல் எடுத்து வந்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வாய்மொழித் தேர்வு. இஞ்சினியர் மேடம் வெளியூர்க்காரர், சின்ன வயசு, சிரிக்கிற முகம், ஆனால் கேள்வி விடாது. குழாய்க்கு எவ்வளவு வாட்டம், மண் மூடும்போது என்ன கவனிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார். கடகடவென்று சொன்னேன். தெருவில் மூடி போட்ட குழிக்கு என்ன பெயர் என்றபோது மாட்டிக்கொண்டேன்.

"மேன்ஹோல் மேடம்."

"திரும்பச் சொல்லுங்க."

"ஆள் இறங்கு குழி."

"ஆளே இறங்கக் கூடாது. அப்புறம் பேர்ல மட்டும் ஆள் எதுக்கு? இனிமே இயந்திர நுழைவுக் குழி. அடைப்புன்னா மிஷின்தான் இறங்கணும். உங்ககிட்ட வேலைக்கு வர்ற யாரையும் இறக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன். என்னோடு தொழில் பழகிய ஒருவனை நான் குழியில் தொலைத்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பேரை மறக்காமலிருக்க வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இப்போது வடிவு என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போதே, "இயந்திரம், நுழையலாம்" என்கிறாள்.

ஆய்வுக்கு வெள்ளிக்கிழமை வருகிறார்கள். மூன்று வீட்டில் எது என்று மேடமே தேர்ந்தெடுத்தார். சம்பந்தி வீடு.

ஆகஸ்ட் 22, வியாழன்

பவளத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அடைப்பு பைப்பால் என்றால் லைசென்ஸ் கிடையாது. முடியால் என்றால் லைசென்ஸ் உண்டு. சம்பந்தி அப்படித்தான் சொல்லச் சொல்கிறார்.

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "எப்பா, முடின்னே சொல்லிருங்க. ஏற்கெனவே தெரு பூரா சொல்லியாச்சு. இன்னொரு மட்டம் சொன்னா என்ன கொறஞ்சிரப் போகுது?" என்றாள். டேப்பும், வாட்டம் பார்க்கிற டியூப் மட்டமும் பிடிக்க நாளைக்கு அவளே வருகிறாளாம். வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சேம்பர் மூடியைத் திறந்தால் தண்ணீர் தளும்பி நிற்கிறது. ஐந்தாவது அடைப்பு. கம்பியை விட்டு இழுத்தேன். கறுப்பாக, கத்தையாக ஒன்று வந்தது.

"நல்லாப் பாருங்க மேடம்" என்றார் சம்பந்தி அம்மா. "எங்க மருமவளுக்கு முடி அவ்வளவு நீளம். பைப்பு பாவம், என்ன செய்யும்?"

மேடம் என்னைப் பார்த்தார். "காண்டிராக்டர், நீங்க சொல்லுங்க. முடியா?"

ஒரே ஒரு சொல். ஆமாம் என்றால் பைப்பில் பழுது இல்லை, சம்பந்தி கையெழுத்து சட்டைப் பையிலேயே இருக்கிறது, தீபாவளி கழிந்து எங்கள் வார்டு முழுக்க என் கடப்பாரை. சம்பந்தி எனக்கு மட்டும் தெரியும்படி பையைத் தொட்டுக் காட்டினார். பவளம் டேப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறக்கும்போதே தலை நிறைய முடி. என் கையில் முதலில் கொடுத்தபோது முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தது அந்த முடியைத்தான்.

கத்தையை விரலில் வைத்துத் தேய்த்தேன். முடி இப்படிச் செதிலாகப் பொடியாது. மோந்து பார்த்தேன். புளித்த மாவு வாடை குப்பென்று வந்தது. எனக்கு வந்த கோபத்தில் குரல் எகிறிவிட்டது.

"மேடம், இது முடியில்ல. உளுந்தந்தொலி."

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தொலி பாத்ரூம் பைப்புக்குள்ள எப்படி வந்துச்சு?" என்றார் மேடம்.

அதைத்தான் நானும் யோசித்தேன். சுவரோரமாகத் தோண்டினேன். நான் போட்ட பைப்பைத் துளைத்து, பின்கட்டுக் கிரைண்டர் கொட்டகையிலிருந்து வந்த பைப் ஒன்றைச் செருகியிருந்தார்கள். கோணிச் சாக்கைச் சுற்றி அதன்மேல் சிமென்டைப் பூசிய வேலை. பார்க்கவே வயிறு எரிந்தது.

"இது எப்ப வந்துச்சுன்னு தெரியலியே" என்றார் சம்பந்தி.

வீட்டு இணைப்பில் வியாபாரக் கழிவு விடக் கூடாது. மேடம் அங்கேயே நோட்டீஸ் எழுதினார். லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துச் சரிசெய்து காட்டும்வரை இணைப்பை மூடி சீல் வைக்கச் சொல்லிவிட்டார். பிறகு என்னிடம், "உங்க வேலை சரியா இருக்கு. ஆனா ஓனர் திருப்தி இல்லாம என்னால ஃபைலை நகர்த்த முடியாது" என்றார்.

சம்பந்தி பையிலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "உங்க பிள்ளை உங்க வீட்டுலயே இருக்கட்டும். முடியை நல்லா வளக்கட்டும்."

வரும் வழியில் கருவிப் பையைப் பவளம் என்னிடம் கொடுக்கவே இல்லை. "எப்பா, லைசென்ஸு?" என்றாள். அது கிடக்கு என்றேன். அது கிடக்கிற விஷயமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் மத்தியானம் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கிளார்க்: "ரெண்டு திருப்திதான் இருக்கு. மூணு வேணும்." வெள்ளிக்கிழமை கடைசி நாள். பூரணத்தம்மாள் இன்னும் இரண்டு கையெழுத்துப் போட்டுத் தரத் தயார் என்கிறார். ஒரே வீட்டுத் திருப்தி எத்தனை இருந்தாலும் ஒன்றுதானாம்.

ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரே ஆளைச் சம்பந்தி போய்ப் பார்த்தாராம். அவர் கைநிறைய வேலை இருக்கிறது, தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டாராம். கிரைண்டர் ஓடவில்லை. குளிக்கவும் வழியில்லை. இதைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை. வடிவுதான் பாயசம் வைத்தாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் மாப்பிள்ளை சுதாகர் வாசலில் நின்றார். தோளில் துண்டு, ஒரு கையில் சோப்பு டப்பா, ஒரு கையில் கவர்.

"மாமா, குளிச்சுக்கலாமா?"

கவரைப் பிரித்தேன். ஆவுடைநாயகம் செய்த வேலையில் தமக்குப் பரம திருப்தி என்று சம்பந்தி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்த ஊரில் சீக்கிரமாக லைசென்ஸ் வாங்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் குளியலறையைக் காட்டினேன். மாப்பிள்ளை இரண்டு அடி வைத்திருப்பார். அடுப்படியிலிருந்து பவளம் வந்தாள்.

"தலைக்கு ஊத்தாதிய. முடி அடைச்சுக்கும்."

மாப்பிள்ளை சோப்பு டப்பாவோடு அப்படியே நின்றார். முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கு நான் எங்கம்மாட்ட ஏதாவது சொல்லிருக்கணும். வாயத் தொறக்காம இருந்துட்டேன். தப்புதான், பவளம்" என்றார்.

"இப்பவும் நீங்க சொல்ல வேண்டாம். முடின்னு சொன்ன அதே வாசல்ல நின்னு, அதே தெரு கேக்க, உளுந்துன்னு அத்தை சொல்லட்டும். அன்னைக்கு வாரேன்."

மாப்பிள்ளை கழுத்துக்குக் கீழே மட்டும் குளித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 9, திங்கள்

லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் நான் திருடன் மாதிரி இருக்கிறேன் என்கிறாள் வடிவு. இருந்தால் என்ன? அதை நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

என் லைசென்ஸில் முதல் வேலை, சம்பந்தி வீடு. பின்கட்டுப் பைப்பைத் துண்டித்து, தொலி தங்கித் தெளிகிற மாதிரி தனித் தொட்டி கட்டி, வியாபார இணைப்பாகப் பதிந்து கொடுத்தேன். மேடம் வந்து பார்த்து, இணைப்புக்கு வைத்திருந்த சீல் முத்திரையை உடைத்துவிட்டுப் போனார். வாசல் சேம்பரை மூடுகிற வேலை மட்டும் பாக்கி. நான் பள்ளத்துக்குள் நின்றேன், பவளம் மேலே டேப்போடு நின்றாள். தெருவில் வழக்கமான கூட்டம்.

சம்பந்தி அம்மா வாசல்படியில் வந்து நின்றார். பின்னால் மாப்பிள்ளை நின்றுகொண்டு அம்மாவை நகரவிடவில்லை. அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, உதட்டுக்குள்ளேயே சொன்னார்.

"உளுந்துதான்."

முடி என்று சொன்னபோது இவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்க மாட்டார். பள்ளத்துக்குள் நின்றபடி காதில் கையை வைத்துக்கொண்டேன்.

"கேக்கல மைனி."

"உளுந்துன்னு சொன்னேன் அண்ணாச்சி."

"பள்ளத்துல இருக்கேன்லா. ஒண்ணும் விழல."

சம்பந்தி அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உளுந்து! உளுந்தந்தொலிதான்! எம் மருமவ முடி இல்ல!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பவளம் டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு படியேறிப் போனாள். "சீயக்காய் இருக்கா அத்தை?" என்று கேட்டது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது.